பாடியவள் பெயர் சபீஹா

மெட்ரோவின் கதவு மூடியதும் முதலில் ஓர் இருமல் கேட்டது. பிறகு, சப்பாத்துக் காலால் இருக்கையை உதைக்கும் ஒரு குழந்தையின் சத்தம். அதற்குப் பிறகு சபீஹாவின் குரல்.

சபீஹாவோ என் பக்கத்தில் வாயை இறுக மூடியபடி நின்றிருந்தாள்.

காலை வேலை முடிந்து, லோசான் நகரத்து மேட்டிலிருந்து இறங்கும் மெட்ரோவில் நாங்கள் இருவரும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். குளிர் விடைபெறுகிற காலம். எல்லோருடைய மேலங்கியிலும் ஈரக் கம்பளி வாசம். குரல் வந்தது எங்களுக்கு எதிரே இருந்த ஓர் இளம்பெண்ணின் கைபேசியிலிருந்து. காதில் அவள் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. கண்களை மூடிக்கொண்டு, அந்தப் பாட்டு முடிய முடியத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு அரபு தெரியாது. ஆனால் அந்தக் குரல் வாரத்தில் ஐந்து நாள் என் காதருகே ஒலிக்கிற குரல். போதாக்குறைக்குப் பாட்டின் நடுவே பின்னால் ஒரு மணி அடித்தது. படுக்கை விரிப்பு சிக்கிக்கொண்டால் எங்கள் சலவைக்கூடத்து இஸ்திரி இயந்திரம் அடிக்கிற அதே மணி.

சபீஹாவின் விரல்கள் என் முழங்கைக்கு மேலே பதிந்தன. கன்றிப்போன அந்த நீலம் மாற ஒரு வாரம் எடுத்தது.

அவள் குனிந்து அந்தப் பெண்ணிடம் அரபில் ஏதோ கேட்டாள். பெண் சந்தோசமாகக் கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். திரையில் ஒரு சிவப்பு ரோசாப்பூ. அதன் கீழே ஓர் ஆணின் பெயர்.

“என்ன சொல்லுறாள்?” என்று கேட்டேன்.

சபீஹா அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். அது எங்கள் இருவருடைய நிறுத்தமும் அல்ல. நானும் பின்னால் இறங்கினேன்.

“அந்தப் பெயர்க்காரன் ஒரு கவிஞராம், அவர் எழுதின வரியாம். பாடுறது பெயர் தெரியாத ஒரு கிராமத்துக் கிழவியாம்” என்றாள். பிறகு, “எனக்கு நாப்பத்தெட்டு வயசு” என்றாள்.

சலவைக்கூடத்துப் பிரெஞ்சு

சபீஹா ஈராக்கின் தெற்கே, நாணல் வளரும் சதுப்பு நிலத்தில் பிறந்தவள். அவளும் நானும் ஒரே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். இஸ்திரி இயந்திரம் கக்குகிற சூடான விரிப்பின் இரண்டு முனையை அவளும் இரண்டு முனையை நானும் பிடிப்போம். மடித்து, கிட்ட வந்து, முனையைக் கையில் கொடுத்துவிட்டு விலகுவோம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை ஒருத்தியை நோக்கி நடந்து, அவள் முகத்தை ஒரு முழத் தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பினால், ஒன்றில் பகை வரும், அல்லது சிநேகம் வரும். எங்களுக்குச் சிநேகம் வந்தது.

எங்களுடைய மொழி சலவைக்கூடத்துப் பிரெஞ்சு. அதில் இறந்தகாலம் கிடையாது. எல்லாம் இப்போதே நடக்கும். பிழையில்லாத வசனம் என்று ஒன்றை நாங்கள் இருவரும் சொன்னதாக நினைவில்லை. அவள் சொன்னதை நான் இங்கே என் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன். அவளை வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அவள் என்னை “உம் அருண்” என்று கூப்பிடுவாள். அருணின் தாய் என்று பொருள். அவர்களுடைய பக்கத்தில் பிள்ளை பெற்ற பெண்ணை மூத்த மகனின் பெயரால் கூப்பிடுவதுதான் மரியாதை. அவள் உம் ஹைதர். சபீஹா என்ற பெயர் அவளுடைய வேலைச் சட்டையில் குத்திய அட்டையில் மட்டும்தான் இருந்தது. “இந்த அட்டையைத் தந்த மேற்பார்வைக்காரிக்குத் தெரியாது, இருபது வருசத்துக்குப் பிறகு என்ர பெயரை நான் வாசிச்சது இதிலதான்” என்று ஒருநாள் சொன்னாள்.

பத்திரிகையில் தமிழ்ப் பெண் எழுதும் இந்தத் தொடரில் அரபுப் பெண்ணுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். என் கணவரும் கேட்டார். “இஞ்சேரும், உமக்கேன் மற்றவையின்ர வீட்டுப் பிரச்சினை?” நான் சொன்னேன்: “இந்த நாட்டில உங்களோட கதைச்சதைவிட அவளோடதான் நான் கூடக் கதைச்சிருக்கிறன்.” அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

இரண்டே வரி

அவள் பாடுவதற்குத் தார்மி என்று பெயர். இரண்டே வரி. இரண்டும் ஒரே ஓசையில் முடியவேண்டும். மூன்றாவது வரி கிடையாது. சொல்ல வந்ததை இரண்டுக்குள் சொல்லமுடியாதவள் வாயை மூடிக்கொண்டு நாணலை வெட்டலாம் என்பாள் சபீஹா.

நாணல் வெட்டும்போதும் நெல் நடும்போதும் பெண்கள் பாடுவார்களாம். கால்வாயின் இந்தக் கரையில் ஒருத்தி இரண்டு வரியை எறிவாள். அந்தக் கரையில் யாரோ ஒருத்தி இரண்டு வரியால் பதில் சொல்வாள். காதலைச் சொல்வார்கள், மாமியாரைத் திட்டுவார்கள், செத்தவனைக் கூப்பிடுவார்கள். யாரும் தன் பெயரைச் சொல்லமாட்டார்கள். நாணல் ஆளைவிட உயரம். பாடியது யார் என்று தெரியாது. தெரிந்தாலும் தெரியாததுபோல் இருப்பார்கள். பெயரில்லாததால்தான் அவ்வளவையும் சொல்ல முடிந்தது.

பிறகு போர் வந்தது. சதுப்பு நிலத்தின் தண்ணீரை மறித்து வற்றவைத்தார்கள். ஊர் கலைந்தது.

கைபேசி வந்த பிறகு அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் மறுபடி கண்டுபிடித்தார்கள். ஒரு குழு தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கால்வாய்’. ஒருத்தி பாஸ்ராவில், ஒருத்தி சுவீடனில், ஒருத்தி அமெரிக்காவில், சிலர் இன்னும் அதே ஊரில். எழுத்து இல்லை, குரல் மட்டும். பெண்கள் மட்டும். வெளியே அனுப்பக்கூடாது. இங்கேயும் பெயர் இல்லை. அவரவர் வைத்திருக்கும் படத்தை வைத்துத்தான் அடையாளம். சபீஹாவின் படம் ஒரு நீல வாளி.

இடைவேளையில் அவள் எனக்கு அவற்றைப் போட்டுக் காட்டுவாள். ஒரு பாட்டின் பின்னால் சேவல் கூவும். ஒன்றில் ரொட்டி தட்டுகிற சத்தம். சுவீடன்காரி காருக்குள் இருந்து பாடுவாள். மழை துடைப்பான் தாளம் போடும். சபீஹா துணிவண்டிகளுக்கு நடுவில் நின்று, கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்துப் பதில் பாடுவாள். அவள் எனக்குப் பொருள் சொன்ன முதல் தார்மி இது. அதன் இசை என் தமிழில் இல்லை, பொருள் இருக்கிறது:

*எத்தனை பேர் படுத்தெழுந்த துணி, மடிப்பவள் நான்;*
*இடுப்பு நோவைக் கேட்பதற்கு இருப்பதும் இந்தத் துணிதான்.*

கேட்டதும் நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இடுப்பைப் பிடித்தேன். அவளும் பிடித்தாள்.

மெட்ரோவில் கேட்ட பாட்டு வேறு. அதை அவள் பாடிய அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். திடீரென்று விரிப்பைக் கீழே போட்டுவிட்டுக் கைபேசியை எடுத்தாள்.

*ஆற்றைக் கடந்து போனவனே, தண்ணீர் உன்னைக் கேட்கவில்லை;*
*கரையில் நின்ற என் காலைத்தான் அது இன்னும் விடவில்லை.*

நடுவில் இயந்திரம் மணி அடித்தது. நான் ஓடிப்போய் நிறுத்தினேன். அவள் பாடுவதை நிறுத்தவில்லை.

குழுவில் இருந்த யாரோ ஒருத்தி இதை வெளியே அனுப்பியிருக்கிறாள். யார் என்று சபீஹா தேடவே இல்லை. “பிடிச்சதாலதான் அனுப்பியிருப்பாள். அவளில எனக்குக் கோபம் இல்லை. எடுத்துத் தன்ர பெயரைப் போட்டவனிலதான்” என்றாள்.

கிணற்றுக்குள் இருந்தவள்

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவளுடைய கோபம் எனக்கு ஏன் அப்படி ஒட்டிக்கொண்டது என்பது விளங்காது.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஜெர்மன் பேசும் பக்கத்தில், ஆரா என்ற ஊருக்கு அருகே ஓர் அகதி முகாமில் இருந்தேன். விசாரணைக்கு அழைத்தார்கள். மேசையின் அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, பக்கத்தில் எங்களுடைய ஆள் ஒருவர் மொழிபெயர்ப்பாளராக. சவரம் செய்த முகம், நல்ல சேர்ட். எனக்கு அப்போது ஜெர்மன் மொழியில் ஒரு சொல் தெரியாது.

நான் சொன்னேன். வீட்டைச் சுற்றிவளைத்த அன்று கிணற்றுக்குள் இறங்கினேன் என்று சொன்னேன். தண்ணீர் நெஞ்சுவரை இருந்தது என்று சொன்னேன். மேலே சப்பாத்துகள் நடந்தன, ஒருவன் கிணற்றுக்குள் சிகரெட்டை எறிந்தான், அது என் தோளில் பட்டு அணைந்தது, நான் கத்தவில்லை. இதையெல்லாம் நிறுத்தி நிறுத்தி, அழாமல் சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே தீர்மானித்திருந்தேன்.

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிவிட்டு இரண்டு வசனம் சொன்னார். அதிகாரி தட்டச்சில் ஒன்று அடித்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு அந்தக் கோப்பின் பிரதி என் கைக்கு வந்தது. அதற்குள் வாசிக்கப் பழகியிருந்தேன். ‘மனுதாரர் ஒளிந்திருந்ததாகக் கூறுகிறார்’ என்று இருந்தது. அவ்வளவுதான். கிணறு இல்லை. தண்ணீர் இல்லை. சிகரெட் இல்லை.

அந்த மனிதரில் எனக்கு இப்போது கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. என் வாயிலிருந்து எடுத்ததைத் தன் வாயில் போட்டார். எனக்குரியது அதற்குள் காணாமல் போய்விட்டது.

ஞாயிறு மதியச் சாப்பாடு

ரோசாப்பூக்காரரின் பாட்டு பரவியது. சபீஹாவின் ஊர்க்காரர்களுக்குக் குரல் யாருடையது என்று தெரியாமல் போகுமா? சபீஹாவின் கணவன் கரீமுக்கு ஓர் அண்ணன் இருக்கிறார், ஜபார். ஜெர்மன் பேசும் பக்கத்தில், பாடனில், ஒரு தொழிற்சாலையில் வேலை. முழுக் குடும்பமும் அவர் சொல்கேட்டுத்தான் நடக்கும். அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வருவதாகத் தொலைபேசியில் சொன்னார்.

சபீஹா என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள்.

“நான் வேணுமெண்டால் அவரோட கதைக்கிறன். வயசுக்கு மூத்தவள், பிறத்தியாள். சொன்னால் கேப்பார்” என்றேன்.

“எனக்காக நீ கதைக்காத. பக்கத்தில இரு. அது காணும்.”

போனேன். சோறு, மீன், வறுத்த பாதாம் மணத்தது. கரீம் பஸ் கழுவும் இடத்தில் வேலை செய்கிற, அதிர்ந்து பேசாத மனிதன். அன்றைக்குத் தன் தட்டைப் பார்த்தபடியே இருந்தான். ஜபார் உயரமானவர், என்னை மரியாதையாக வணங்கினார். அவருடைய மனைவி ஹுதா, மெலிந்தவள், உட்காரவே இல்லை. அடுப்படிக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

ஜபார் அரபில் பேசத் தொடங்கினார். நான் இருந்தால் பேசமாட்டார் என்று நினைத்தேன். எனக்கு விளங்காது என்ற துணிவில் பேசினார்.

அப்போதுதான் சபீஹா அதைச் செய்தாள். அவர் சொன்ன ஒவ்வொரு வசனத்தையும், அவர் மூச்செடுக்க நிறுத்திய இடத்தில், உரத்த குரலில் எனக்குப் பிரெஞ்சில் சொன்னாள். விருந்தாளிக்கு மரியாதை செய்கிறவளைப்போல் புன்னகையோடு.

“இவர் சொல்லுறார், என்ர குரல் தேத்தண்ணிக் கடையில எல்லாம் கேக்குதாம்.”

ஜபார் திடுக்கிட்டு நிறுத்தினார். மறுபடி தொடங்கினார்.

“இவர் கேக்கிறார், ஆத்தைக் கடந்து போனவன் ஆராம்.”

கரீம் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான். அவனுக்கும் அது தெரியவேண்டியிருந்தது என்று எனக்குப் பட்டது. சபீஹாவுடைய தம்பி ஒருவன் போரில் போனவன் என்று எனக்குத் தெரியும். அவனாக இருக்கலாம். வேறு யாராகவும் இருக்கலாம். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

சபீஹா கணவனைப் பார்த்து அரபில் ஒன்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினாள். “நான் சொன்னன், அது என்ர ஆறு. சொல்லமாட்டன் எண்டு.”

ஜபார் இப்போது குரலைத் தாழ்த்தி, நல்லது சொல்கிறவரைப்போல் நீளமாக ஏதோ சொன்னார். ஹுதா கையில் சோற்றுத் தட்டோடு கதவடியில் நின்றுவிட்டாள். சபீஹாவின் புன்னகை போய்விட்டது.

“ஒரு வழி இருக்காம். இது செத்துப்போன என்ர மாமி முந்திப் பாடினது, பழைய ஒலிப்பதிவு எண்டு ஊருக்குச் சொல்லட்டாம். செத்தவையில ஒருத்தரும் பிழை பிடிக்கமாட்டினமாம்.”

நான் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தாளே. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

“ஏன் சிரிக்கிறாய்?” என்றாள் சபீஹா.

“அந்த மணி” என்றேன். “உன்ர மாமி லோசான் சலவைக்கூடத்தில வேலை செய்தவவோ?”

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அதை அரபில் எல்லோருக்கும் சொன்னாள். கதவடியில் நின்ற ஹுதா தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஜபார் எழுந்தார். மேலங்கியை மாட்டினார். மீன் அப்படியே இருந்தது.

படியிறங்கும்போது அவர் ஒன்று சொன்னார். அதை சபீஹா எனக்கு மொழிபெயர்க்கவில்லை. இன்றுவரை அவர் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

வாளிக்குப் பின்னால் நின்றவள்

அந்த வாரம் ‘கால்வாய்’ காலியானது. குழுவில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். பயம். ஒரு குரல் தப்பிப் போனால் மற்றதும் போகும். கணவர்கள் கேட்பார்கள், அண்ணன்கள் கேட்பார்கள். இடைவேளையில் சபீஹா திரையைக் காட்டுவாள். பூனைப் படம் போய்விட்டது. தேநீர்க் குவளை போய்விட்டது. சுவீடன்காரியின் சிவப்புக் காரும் போய்விட்டது. கடைசியில் நீல வாளி மட்டும் இருந்தது.

“நீயும் விட்டுவிடு. கொஞ்ச நாளில மறந்துபோவினம்” என்றேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், அதை நான்தான் சொன்னேன்.

அவள் விரிப்பை மடித்துக்கொண்டே, “மறந்துபோவினம் எண்டுதான் நானும் பயப்பிடுறன்” என்றாள்.

அடுத்த நாள் மத்தியானம் சலவைக்கூடத்தின் பின்பக்கம் போனோம். நீராவி வெளியே வரும் குழாய் இருக்கிற இடம். குளிரிலும் கால் சுடும். கைபேசியை என்னிடம் தந்தாள். முகத்தைக் காட்ட மாட்டேன் என்றாள். யாருக்கும் பயந்து அல்ல. “முகம் எனக்கு. பெயர் எல்லாருக்கும்.” சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தாள். அதைத்தான் நான் படம் பிடித்தேன். நீர்பட்டு வெடித்த விரல்கள், பெயர் அட்டை, நடுநடுவே வெண்புகை.

அவள் அரபில் சொன்னதன் பொருள் இது:

“நான் சபீஹா. ஆற்றுப் பாட்டைக் கட்டியதும் பாடியதும் நான். நான் கிழவி இல்லை. சாகவும் இல்லை. என் தகப்பன் பெயர் ஹமீத். என் தாயின் பெயர் ஷம்ஸா.”

தாயின் பெயரைச் சொன்ன இடத்தில் அவள் குரல் ஒருமுறை நின்றது. அவர்களுடைய ஊரில் ஓர் ஆண் தன் தாயின் பெயரைச் சபையில் சொல்லமாட்டானாம். யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் அது சண்டைக்கு அழைப்பு. அவள் அதை முழுதாகச் சொன்னாள். பிறகு பாடினாள்:

*குரலைத் திருடிப் போனவனே, பாட்டை நீயே வைத்துக்கொள்;*
*பாடிய வாய் என்னிடம்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்.*

எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் அதைப் போட்டாள். பெருவிரல் திரைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அழுத்தினாள். உள்ளே போய் மிச்ச வண்டித் துணியை மடித்தோம்.

வந்த வசவுகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. கரீம் அவளோடு பேசுவதை நிறுத்தினான். சாப்பிட்டான், வேலைக்குப் போனான், வந்தான். ஊரில் இருந்த அவளுடைய சொந்தச் சகோதரன் தாயோடு தொலைபேசியில் பேச விடவில்லை. அதுதான் அவளை உருக்கியது. அந்த நாட்களில் விரிப்பின் மறுமுனையில் அவள் முகம் கிட்ட வரும்போது நான் கண்ணைத் தாழ்த்திக்கொள்வேன்.

ஒரேயொரு நாள் கேட்டேன்: “போட்டதை எடுத்துவிடுவியோ?”

“இல்லை.”

இந்தத் தொடரில் அவளைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னபோதும் கேட்டேன், பெயரை மாற்றி எழுதவா என்று. “மாத்தினால் விரிப்பின்ர மற்ற முனையைப் பிடிக்க வேற ஆளைத் தேடு” என்றாள்.

சனிக்கிழமை

ரோசாப்பூக்காரர் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பெண் புகழுக்காகப் பொய் சொல்கிறாள் என்றார். வரி உன்னுடையது என்றால் எல்லோரும் கேட்க என்னோடு தார்மி சொல்லு பார்ப்போம் என்று சவால் விட்டார். யாரும் நுழைந்து கேட்கக்கூடிய நேரலை ஒன்றை ஒரு சனிக்கிழமை பிற்பகலில் வைப்பதாக அறிவித்தார்.

அன்று நான் சபீஹாவின் அடுப்படியில் இருந்தேன். யன்னலுக்கு வெளியே ஏரியின் பக்கம் நல்ல வெயில். கரீம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சபீஹா கைபேசியைச் சீனி டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு, கையை இரண்டு தொடைக்கும் கீழே வைத்துக்கொண்டாள்.

அவர் பேசினார். இனிமையான குரல், அதைச் சொல்லவேண்டும். பிறகு ஒரு வரியைச் சொன்னார். மற்ற வரியை அவள் அதே ஓசையில் உடனே முடிக்கவேண்டும். அவர் சொன்னது இதுதான்:

*வீட்டுக்குள் எரிகிற விளக்கைத் தெருவில் வைத்தது யார்?*

குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. சபீஹா கையை வெளியே எடுத்தாள். மேசையில் விரலால் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது தட்டில் பாடினாள்:

*திருடன் முகம் தெரியட்டும் என்று வைத்தவள் நான்தான், பார்!*

எனக்குப் பொருள் பிறகுதான் தெரியும். ஆனால் மறுமுனையில் எத்தனையோ பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது எனக்கும் கேட்டது. திரையில் இதயங்களும் கைதட்டல்களும் நுரைபோல் ஏறின. அவர் இன்னொரு வரி சொன்னார். அவள் அதையும் முடித்தாள், இம்முறை தட்டாமலே. மூன்றாவது வரிக்கு அவர் இடறினார். இணைப்பு சரியில்லை என்றார். பிறகு அவருடைய ரோசாப்பூ திரையிலிருந்து போய்விட்டது.

அவருடைய இணையப் பக்கத்தில் அந்த ஆற்றுப் பாட்டு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கீழே ஒவ்வொரு நாளும் யாராவது வந்து சபீஹாவின் பெயரை எழுதிவிட்டுப் போகிறார்கள்.

சபீஹா தன் பக்கத்தில் நேரலையைத் திறந்தாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அங்கே வந்தார்கள். முதலில் ஒரு குரல் வந்தது. மழை துடைப்பான் சத்தம் கேட்டதும் எனக்கே ஆள் தெரிந்துவிட்டது. சுவீடன்காரி. “நான் இல்ஹாம். என் தாய் பெயர் நூரா” என்றாள். பாடினாள். அடுத்தவள் ஊரிலிருந்து, பின்னால் யாரோ ஓர் ஆண் அதட்டினான், அவள் நிறுத்தாமல் பெயரைச் சொன்னாள், தாயின் பெயரைச் சொன்னாள். மூன்றாவது. நான்காவது. சபீஹா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே ஒவ்வொருத்திக்கும் “வாழ்க, வாழ்க” என்றாள்.

கதவு மணி அடித்தது. நான் போய்த் திறந்தேன்.

ஹுதா நின்றாள். மேலங்கிப் பொத்தானெல்லாம் மாறிப் போட்டிருந்தது. பாடனிலிருந்து ஒல்டனில் ரயில் மாறி, தனியாக வந்திருக்கிறாள். இந்த நாட்டில் அவள் தனியாக ரயில் ஏறியது அதுதான் முதல்முறை. பிழையான மேடையில் இருபது நிமிடம் நின்றாளாம். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவளுக்குத் தெரியாது; அவளுடைய ஜெர்மனில் பாதி எனக்கு விளங்கியது. கீழே கையைக் காட்டி, “கரீம் படியில இருக்கிறார். காதில மாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்” என்றாள்.

எட்டிப் பார்த்தேன். இரண்டாவது படிவளைவில் கரீம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். கைபேசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். நான் கதவைச் சாத்தவில்லை. திறந்தபடியே விட்டேன்.

ஹுதா அடுப்படிக்குள் வந்து சபீஹாவின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். “எனக்கும் ஒண்டு இருக்கு” என்றாள்.

சபீஹா கைபேசியை அவள் பக்கம் நகர்த்தினாள். ஹுதா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய மேலங்கிக்குள் இருந்த கைபேசி அடித்தது. ஜபார்.

நாங்கள் மூவரும் அந்தத் திரையைப் பார்த்தோம். அது அடித்துக்கொண்டே இருந்தது. சபீஹா எடுக்காதே என்று தலையாட்டினாள். ஹுதா எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள். அவர்கள் பேசியதைச் சபீஹா என் காதோடு பிரெஞ்சில் சொன்னாள்.

“எங்க நிக்கிறாய்?”

“லோசானில.”

“அங்க என்ன செய்யிறாய்?”

“பாடப்போறன். சோறு அடுப்பில இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ.”

மறுமுனையில் அவருடைய மூச்சுச் சத்தம் கேட்டது. ஹுதா அந்த அழைப்பைத் துண்டிக்கவில்லை. அவருடைய அழைப்பு இருந்த தன் கைபேசியையும் நேரலை ஓடிக்கொண்டிருந்த கைபேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பொத்தானைச் சரியாகப் போட்டாள். முதுகை நிமிர்த்தினாள்.

“நான் ஹுதா. என் தாய் பெயர் வஃபா. பாடனில் இருக்கிறேன்” என்றாள். பிறகு, அந்த மெலிந்த உடம்புக்குள் இருந்து வருமென்று நான் நினைத்தே பார்த்திராத குரலில் பாடினாள்:

*இருபது வருடம் உப்பிட்டவள் நான், ருசி பார்த்தவன் நீ;*
*இன்றைக்கு உப்பு என் நாவில் இருக்கிறது, கேட்டுக்கொண்டிரு நீ.*